4டி1 எலிகளில் நியூட்ரோஃபிலை நீக்கினால் நுரையீரல் பரவல் குறையுமா, கூடுமா? எந்த நாளில் நீக்குவது?

தும்பை:

வணக்கம். மார்பகப் புற்றுச் செல்கள் நுரையீரலுக்குப் பரவும்போது நியூட்ரோஃபில்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) அவற்றுக்குத் துணை போகின்றனவா, தடுக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனைக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பும் முன் விஷயம் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெண் பால்ப்-சி எலிகள் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு எலி இனம்), 7 முதல் 8 வார வயது. நான்காவது பால்சுரப்பியின் கொழுப்புத் திண்டில் 50 மைக்ரோலிட்டரில் 1 லட்சம் 4டி1-லூசிஃபெரேஸ் செல்கள் (4டி1 என்பது எலியின் மார்பகப் புற்றுச் செல் வகை, லூசிஃபெரேஸ் அதை ஒளிரவைக்கும் நொதி). 7ஆம் நாளிலிருந்து வாரம் இருமுறை 200 மைக்ரோகிராம் 1ஏ8 (நியூட்ரோஃபிலின் மேலுள்ள எல்ஒய்6ஜி புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி). என்.கே செல்களை (புற்றுச் செல்லைக் கொல்லும் ஒருவகை வெள்ளணு) நீக்க ஒரு தனிக் குழு, அதற்கு பிகே136 என்ற ஆன்டிபாடி. 28ஆம் நாள் நுரையீரலை எடுத்து ஒளிர்வும் மேற்பரப்பு முடிச்சுகளின் எண்ணிக்கையும்.

குழப்பம் இரண்டு. 2011-இல் கிரானோட் குழு, இதே 4டி1-இல், நியூட்ரோஃபில்கள் நுரையீரலில் புற்றுச் செல் ஊன்றுவதைத் தடுப்பதாகக் காட்டியது. 2015-இல் கோஃபெல்ட் குழு அதற்கு நேர்மாறாக, அவை பரவலுக்கு வழிவிடுவதாகக் காட்டியது. எதை நம்பித் திட்டம் போடுவது? அடுத்து, நீக்கிய பிறகும் முதற்கட்டியின் அளவு மாறாமல் இருந்தால் சோதனை தோற்றதாகக் கொள்ள வேண்டுமா?

செங்காந்தள்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எளிது. முதற்கட்டி மாறாததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001-இல் லின், போலார்ட் குழு நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில், பிஒய்எம்டி எலிகளை (தானாகவே மார்பகக் கட்டி வரும்படி மரபணு மாற்றியவை) சிஎஸ்எஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதம் இல்லாத எலிகளோடு கலப்பினம் செய்தது. சிஎஸ்எஃப்-1 இல்லையென்றால் கட்டியில் மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) சேராது. கட்டி தோன்றிய காலமும் வளர்ந்த வேகமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன, நுரையீரல் பரவல் மட்டும் தடுக்கப்பட்டது. 2015-இன் கோஃபெல்ட் ஆய்விலும் அதே கதைதான்: நியூட்ரோஃபில் போனதும் பரவல் குறைந்தது, முதற்கட்டி அசையவில்லை. கட்டியின் அளவை மட்டும் அளந்துவிட்டு 'இந்தச் செல்லுக்கு இங்கே வேலை இல்லை' என்று முடிவு கட்டும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டி வளர்வதும் கட்டியிலிருந்து கிளம்புவதும் வேறு வேறு வேலைகள்.

இனி முதல் கேள்வி. 'துணையா, தடையா' என்று கேட்டால் பதில் வராது. 'எந்தப் படியில்' என்று கேளுங்கள்.

கிளம்பும் இடத்தில் முக்கிய ஆள் மேக்ரோஃபேஜ். புற்றுச் செல் சிஎஸ்எஃப்-1 சுரக்கிறது, மேக்ரோஃபேஜ் அதை நோக்கி வருகிறது. மேக்ரோஃபேஜ் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது, புற்றுச் செல் அதை நோக்கி நகர்கிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இரண்டும் இரத்த நாளம் வரை போய்ச் சேர்கின்றன. இரண்டில் எந்த ஏற்பியை அடைத்தாலும் இரண்டு செல்களின் நகர்வும் நின்றுவிடும் என்பதை 2004-இல் காட்டினார்கள். நாளத்தின் ஓரத்தில் மேனா புரதம் மிகுந்த ஒரு புற்றுச் செல், ஒரு மேக்ரோஃபேஜ், ஒரு நாள உட்சுவர்ச் செல் ஆகிய மூன்றும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களை டிஎம்இஎம் என்கிறார்கள். அங்கே நிற்கும் டை2 ஏற்பி மிகுந்த மேக்ரோஃபேஜ், நாளத்தைத் தூண்டும் விஇஜிஎஃப்-ஏ புரதத்தைச் சுரக்கும்போது நாளச் சுவர் சிறிது நேரம் மட்டும் இளகி மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் செல் உள்ளே நழுவுகிறது. உயிருள்ள எலியின் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தே இதைக் கண்டார்கள் (2015). இந்தப் படியில் நியூட்ரோஃபிலை மட்டும் நீக்கிவிட்டு விடை தேட முடியாது.

இரத்தத்துக்குள் வந்ததும் ஆட்கள் மாறுகிறார்கள். தட்டணுக்கள் புற்றுச் செல்லைச் சுற்றி ஒட்டி, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து அதன் ஊடுருவும் குணத்தைக் கூட்டுகின்றன. நியூட்ரோஃபிலோடு கொத்தாகச் சேர்ந்து சுற்றும் புற்றுச் செல்களில் செல் பிளவு மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதை பேசல் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் நோயாளிகளின் இரத்தத்திலும் எலியிலும் காட்டியது. செல்களை ஒட்டவைக்கும் விசிஏஎம்1 புரதம் இல்லையென்றால் அந்தக் கொத்து கட்டுவது குறைகிறது.

நுரையீரலில் இறங்கும்போது சிசிஎல்2 என்ற புரதத்தின் அழைப்பில் வந்த மோனோசைட்டுகள் (மேக்ரோஃபேஜாக மாறும் வெள்ளணுக்கள்) வழி திறக்கின்றன. நீங்கள் சொன்ன முரண்பாடு இந்த இடத்தைச் சுற்றித்தான். கிரானோட் பார்த்தது புற்றுச் செல் வந்து ஊன்றும் அந்தத் தருணத்தை. கட்டி உள்ள எலியின் நியூட்ரோஃபில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு புற்றுச் செல்லைக் கொல்கிறது, கட்டி இல்லாத எலியினுடையது கொல்வதில்லை. கோஃபெல்ட் பார்த்தது வாரக்கணக்கில் உடல் முழுவதும் நடப்பதை: கட்டியின் தூண்டுதலால் காமா-டெல்டா வகை டி செல்கள் ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஜி-சிஎஸ்எஃப் புரதம் ஏற, நியூட்ரோஃபில் பெருகி, ஐநாஸ் என்ற நொதி மூலம் சிடி8 டி செல்களை (புற்றுச் செல்லைக் கொல்பவை) முடக்குகிறது. அது ஆம்ஸ்டர்டாமின் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில், ஈ-கேடரினும் பி53-உம் இழந்த, லோபுலர் வகையை ஒத்த கட்டி. 4டி1 வேறு இனம். ஆகவே இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல. இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

ஊன்றிய பின் உறங்கும் செல்லுக்கு இன்னொரு கட்டம் உண்டு. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் குழு 2018-இல் காட்டியது இது: எலியின் மூக்கில் எல்பிஎஸ் (பாக்டீரியாவின் சுவர்ப் பொருள்) விட்டாலோ புகையிலைப் புகைக்கு ஆட்படுத்தினாலோ, நுரையீரலில் நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவை வலையாக வீசுகிறது. அந்த வலையில் ஒட்டிய எலாஸ்டேஸ், எம்எம்பி9 என்ற நொதிகள் திசுவின் லேமினின் புரதத்தை வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட லேமினின் உறங்கும் செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. உங்கள் விலங்குக் கூடத்தில் சுவாசத் தொற்று இருந்தால் இதே வேலை உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். எலிகளின் நோய்க்கிருமிச் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வேலவன்_ஆய்வகம்:

செங்காந்தள் அக்கா சொன்னதற்குப் பிறகு எனக்கு எஞ்சியிருப்பது நீக்கும் முறை மட்டும். திட்டத்தில் நாலு இடம் உதைக்கிறது.

முதலாவது பிகே136. அது பால்ப்-சி எலியில் வேலை செய்யாது. அந்த ஆன்டிபாடி பிடிக்கும் என்.கே1.1 வடிவம் அந்த இனத்தின் என்.கே செல்லில் இல்லை, ஊசி போட்டது வீண். அசியாலோ-ஜிஎம்1-க்கு எதிரான முயல் ஆன்டிபாடியை எடுங்கள். அதுவும் சுத்தமானது இல்லை, பேசோஃபில்களையும் தூண்டப்பட்ட சில டி செல்களையும் சேர்த்துத் தொடும், தொகுதிக்குத் தொகுதி வீரியமும் மாறும். புதுத் தொகுதி வந்தால் இரண்டு எலியில் அளவு பார்த்துவிட்டே போடுங்கள். நீங்கியதா என்று என்.கேபி46 என்ற அடையாளப் புரதம் கொண்டு பாருங்கள்.

இரண்டாவது, வாரம் இருமுறை 1ஏ8. 4டி1 கட்டி தானே ஜி-சிஎஸ்எஃப் சுரக்கும். மூன்றாவது வாரம் மண்ணீரல் பல மடங்கு வீங்கி, இரத்தம் லுகேமியா போலத் தோற்றம் தரும். எலும்பு மஜ்ஜை அந்த வேகத்தில் கொட்டும்போது வாரம் இரண்டு ஊசி தாங்காது. மேலும் 1ஏ8 என்பது பெரிய எலியிலிருந்து (ரேட்) வந்த ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடி, நம் சோதனை எலியான சுண்டெலியின் (மவுஸ்) எஃப்சி ஏற்பிகள் (ஆன்டிபாடியைப் பிடிப்பவை) அதை வலுவாகப் பிடிப்பதில்லை. மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த, எல்ஒய்6ஜி குறைந்த நியூட்ரோஃபில்கள் தப்பிவிடும். 1ஏ8-ஐத் தினமும் கொடுத்து, அதன் மேல் எம்ஏஆர்18.5 என்ற இரண்டாம் ஆன்டிபாடியை ஒன்றுவிட்ட நாள் கொடுக்கும் முறை 2020-இல் வந்தது, அதுதான் நீடித்து நிற்கிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கு 2ஏ3 ஐசோடைப்போடு (இலக்கு இல்லாத அதே வகை ஆன்டிபாடி) எம்ஏஆர்18.5-ஐயும் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒப்பீடே இல்லை. ஆர்பி6-8சி5-ஐத் தொடாதீர்கள், அது எல்ஒய்6சி-யையும் பிடிப்பதால் மோனோசைட்டுகளும் போய்விடும். பிறகு யார் போனதால் என்ன நடந்தது என்று சொல்லவே முடியாது.

மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. ஊசியில் போன 1ஏ8 செல்லின் மேல் எல்லா எல்ஒய்6ஜி-யையும் மூடிக்கொண்டிருக்கும். அதே 1ஏ8-ஐச் சாயமேற்றி ஃப்ளோவில் (செல்களைச் சாயத்தால் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி) ஓட்டினால் செல்லே இல்லாதது போலத் தெரியும். செல் அங்கேதான் இருக்கிறது, மறைந்திருக்கிறது. செல்லை நிலைப்படுத்தி, சவ்வைத் துளைத்து, உள்ளே இருக்கும் எல்ஒய்6ஜி-க்குச் சாயம் ஏற்றுங்கள். கூடவே சிடி11பி உள்ள, எல்ஒய்6சி நடுத்தரமாக உள்ள, பக்கச்சிதறல் உயர்ந்த கூட்டத்தை எண்ணுங்கள். செலவில்லாத வழியும் ஒன்று உண்டு: வால் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம், கண்ணாடித் தகட்டில் தீற்றல், ஜீம்சா சாயம். வளையமாகவோ கண்டம் கண்டமாகவோ கருவுள்ள செல்களை 200 வெள்ளணுக்களில் எண்ணிவிடலாம். ஊசி போட்ட மறுநாள் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

நாலாவது, திட்டத்தில் இல்லாத ஒரு குழு. நியூட்ரோஃபில் நீக்கி, சிடி8-உம் நீக்கிய குழு ஒன்று வேண்டும். நியூட்ரோஃபில் மட்டும் போனபோது குறைந்த பரவல், இரண்டும் போனபோது பழைய அளவுக்குத் திரும்பினால், வழி சிடி8 வழியாகத்தான். திரும்பவில்லையென்றால் சிடி8 அல்லாத வழி, ஒருவேளை நியூட்ரோஃபில் புற்றுச் செல்லை நேரடியாகத் தொடுகிறது. இந்த ஒரு குழு இல்லாமல் பொறிமுறை பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. சிடி8-க்கு பீட்டா சங்கிலி ஆன்டிபாடியை (53-5.8) எடுங்கள். ஆல்ஃபா சங்கிலிக்கு எதிரானதை எடுத்தால், டி செல்லைத் தூண்டும் சிடி8ஆல்ஃபா டென்ட்ரிடிக் செல்களும் சேர்ந்து போகும்.

நீக்குவதை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2014-இல் பேசலின் ஃப்ரீட்ரிச் மீஷர் நிறுவனத்தில் சிசிஎல்2-ஐ அடைத்தபோது மஜ்ஜையில் மோனோசைட்டுகள் தேங்கின, பரவல் குறைந்தது. அடைப்பை நிறுத்தியதும் தேங்கியவை எல்லாம் வெளியே பாய்ந்து, நுரையீரலில் ஐஎல்-6-உம் புது நாளங்களும் கூடி, எலிகள் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சீக்கிரம் இறந்தன. கடைசி ஊசிக்கும் நுரையீரல் எடுக்கும் நாளுக்கும் இடையே ஒரு வாரம் விட்டால் நீங்கள் அளப்பது நீக்கத்தின் விளைவை அல்ல, திரும்பி வந்த வெள்ளத்தின் விளைவை.

தும்பை:

இருவருக்கும் நன்றி. பிகே136 விஷயம் பெரிய தவறைத் தடுத்தது. செங்காந்தள் அக்கா, அப்படியென்றால் படிவாரியாக நீக்க எந்த நாட்கள்? அளவிடும் முறையிலும் தவறு இருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

நீலமேகம்:

அளவீட்டை நான் சொல்கிறேன், நாட்களும் அதோடு சேர்ந்தே வரும்.

லூசிஃபெரேஸை விட்டுவிடுங்கள். லூசிஃபெரேஸும் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பியும் எலிக்கு அந்நியப் புரதங்கள், பால்ப்-சி எலியின் டி செல்கள் அவற்றை அடையாளம் கண்டு தாக்கும். நோயெதிர்ப்பைப் படிக்கும் சோதனையில் புற்றுச் செல்லின் நெற்றியில் நீங்களே ஒரு அடையாளம் ஒட்டி அனுப்புவது போல. அதிலும் நீங்கள் பார்க்கப்போவது சிடி8-ஐ நியூட்ரோஃபில் முடக்குகிறதா என்பதை. அடையாளமில்லாத 4டி1-ஐயே போடுங்கள், அதற்கு இயல்பாகவே ஒரு வரம் உண்டு: 6-தயோகுவானின் என்ற செல்கொல்லி மருந்தில் சாகாது.

நுரையீரலைப் பொடியாக நறுக்கி, வகை 4 கொலாஜினேஸிலும் எலாஸ்டேஸிலும் கரைத்து, 70 மைக்ரான் வலையில் வடித்து, 60 மைக்ரோமோலார் 6-தயோகுவானின் உள்ள ஊடகத்தில் பரப்புங்கள். எலியின் சொந்தச் செல்கள் செத்துவிடும், 4டி1 மட்டும் கூட்டங்களாக எழும். 10 முதல் 14 நாள் கழித்து மெத்தனாலில் நிலைப்படுத்தி 0.03% மெத்திலீன் நீலத்தில் எண்ணலாம். நேராக ஒரு தட்டு, 10-இல் ஒன்று, 100-இல் ஒன்று, 1000-இல் ஒன்று என நாலு தட்டாவது போட வேண்டும். ஒரே தட்டு போட்டவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நீலப் படலத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேற்பரப்பு முடிச்சுகளை மட்டும் எண்ணினால் நுண்பரவல் முழுக்கத் தவறிவிடும். எண்ணிக்கை எலிக்கு எலி பத்து மடங்கு, நூறு மடங்கு வேறுபடும் என்பதால் சராசரியை நேரடியாக ஒப்பிடாமல் மடக்கையில் மாற்றுங்கள், அல்லது தரவரிசைச் சோதனை செய்யுங்கள்.

இப்போது நாட்கள். 28 நாள் முதற்கட்டியை விட்டுவைத்தால் புண்ணாகும், நெறிமுறை எல்லையைத் தாண்டும், கட்டி இரத்தத்தில் கொட்டும் ஜி-சிஎஸ்எஃப் எல்லாப் படிகளையும் குழப்பும். செல்களை 10,000 ஆகக் குறைத்து, கட்டி 5 முதல் 6 மில்லிமீட்டர் ஆனதும் அறுத்து எடுத்துவிடுங்கள். அறுவைக்கு முன் மட்டும் நீக்கம், அறுவைக்குப் பின் மட்டும் நீக்கம், இரண்டிலும் நீக்கம், எதிலும் இல்லை என்று நாலு குழு. முதல் குழுவில் மட்டும் பலன் இருந்தால் வேலை கிளம்பும், ஊன்றும் படியில். இரண்டாம் குழுவில் இருந்தால் பெருகும் படியில். முதல் குழுவில் நீக்கம் நின்றபின் நியூட்ரோஃபில் திரும்பும் வேகத்தை இரத்தத்தில் தொடர்ந்து பாருங்கள், வேலவன் சொன்ன வெள்ளம் இங்கேயும் வரலாம். அறுத்த இடத்தில் கட்டி மீண்டும் முளைத்த எலியை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும், அந்த விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

வால் நாளத்தில் செல்லைச் செலுத்தும் சோதனையையும் சிலர் சொல்வார்கள். அது கிளம்பும் படியை முழுக்கத் தாண்டிவிடுகிறது, ஊன்றும் படியை மட்டும் தனியாகப் பார்க்க நல்லது. செல்களை 40 மைக்ரான் வலையில் வடிக்காமல் போட்டால் கட்டிகட்டியாக நுரையீரல் நாளத்தை அடைத்து எலி மேசையிலேயே இறந்துவிடும்.

நுரையீரலின் நோயெதிர்ப்புச் செல்களை ஃப்ளோவில் பார்க்கும்போது ஒரு பொறி உண்டு. பிபிஎஸ் விட்டுக் கழுவினாலும் நுண்நாளங்களில் ஏராளமான வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எலியைக் கருணைக்கொலை செய்வதற்கு 3 நிமிடம் முன் சாயமேற்றிய சிடி45 ஆன்டிபாடி 3 மைக்ரோகிராம் நாளத்தில் செலுத்துங்கள். சாயம் ஏறியவை நாளத்துக்குள் இருந்தவை, ஏறாதவை திசுவுக்குள் இருந்தவை. இதைச் செய்யாமல் 'நுரையீரலில் ஊடுருவிய டி செல்' என்று எழுதினால் அதில் பெரும்பகுதி இரத்தமாகவே இருக்கும். அல்வியோலார் மேக்ரோஃபேஜ் தானாகவே ஒளிரும், சிக்லெக்-எஃப், சிடி11சி இரண்டும் வைத்து அதை முதலில் ஒதுக்குங்கள். மாதிரியை உறைய வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், உறைவித்தால் நியூட்ரோஃபில் பிழைக்காது. தனிச்செல் ஆர்என்ஏ வரிசையாக்கத்திலும் இதே இழப்பு நேரும். நியூட்ரோஃபிலில் ஆர்என்ஏ குறைவு, செல்லுக்கு 500 மரபணு என்று வழக்கமான வடிகட்டி வைத்தால் அவை குப்பையோடு போய்விடும்.

செங்காந்தள் சொன்ன டிஎன்ஏ வலையைப் பார்க்க வேண்டுமென்றால் டிஎன்ஏ, எம்பிஓ (நியூட்ரோஃபிலின் நொதி), சிட்ருலின் ஏறிய ஹிஸ்டோன் எச்3 மூன்றும் ஒரே இடத்தில் படிய வேண்டும். ஒரு சாயம் மட்டும் போதாது, செத்த செல்லும் டிஎன்ஏ கசியும். வளர்ப்புத் தட்டில் செய்தால் சீரம் சேர்க்காதீர்கள். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த சீரத்திலும் டிஎன்ஏவை வெட்டும் நொதி பிழைத்திருந்து வலையைக் கரைத்துவிடும்.

மல்லிகைப்பந்தல்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வகத்தில் இல்லை, புற்றுநோய் வார்டில் செவிலியர்களுக்குப் பாடம் எடுப்பவள். ஜி-சிஎஸ்எஃப் பரவலைத் தூண்டும் என்கிறீர்கள். கீமோவுக்குப் பிறகு நாங்கள் போடுகிற ஃபில்கிராஸ்டிம் அதே ஜி-சிஎஸ்எஃப்தானே? இதைப் படிக்கும் நோயாளி ஊசி வேண்டாம் என்று சொன்னால்?

செங்காந்தள்:

நல்ல வேளை கேட்டீர்கள் அம்மா. ஊசியை மறுக்க இந்த எலித் தரவு காரணமாகாது. 4டி1 கட்டி ஜி-சிஎஸ்எஃப்-ஐ வாரக்கணக்கில் இடைவிடாமல் கொட்டுகிறது, சிகிச்சையே இல்லாத எலியில். நோயாளிக்குக் கொடுப்பது கீமோ மஜ்ஜையை ஒடுக்கிய சில நாட்களுக்கு, நியூட்ரோஃபில் இல்லாமல் காய்ச்சலும் தொற்றும் வந்து உயிர் போகாமல் காக்க. அந்த ஆபத்து கண்முன்னால் உள்ளது.

மனிதரில் நேரடிச் சான்றும் உண்டு. 2003-இல் வெளிவந்த சிஏஎல்ஜிபி 9741 சோதனையில், நிணநீர் முடிச்சுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 3 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கீமோவை 2 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். ஃபில்கிராஸ்டிம் இல்லாமல் அந்த நெருக்கம் சாத்தியமே இல்லை. ஃபில்கிராஸ்டிம் பெற்ற அந்தக் குழுவில்தான் நோய் திரும்புவது குறைந்தது, உயிர் பிழைப்பும் கூடியது. எலியின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களில் 10 முதல் 25% தான், மனிதரில் 50 முதல் 70% என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருப்பது டி செல் பக்கத்து மருந்துதான். மும்மறை வகையில் (வழக்கமான மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்றுநோய்), பரவாத ஆனால் ஆபத்து மிகுந்த நோய்க்கு அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப் (டி செல்லின் தடையை நீக்கும் மருந்து) கொடுத்த கீநோட்-522 சோதனையில் 5 ஆண்டு உயிர்பிழைப்பு 86.6%, அது இல்லாத குழுவில் 81.7%. மேக்ரோஃபேஜையோ நியூட்ரோஃபிலையோ குறிவைத்து மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இன்னும் இல்லை. சிஎஸ்எஃப்1 ஏற்பியை அடைக்கும் பெக்சிடார்டினிப் 2019-இல் அனுமதி பெற்றதும் மூட்டு உறையில் வரும் ஒரு கட்டிக்குத்தான். ஆகவே ஃபில்கிராஸ்டிம் எழுதியிருந்தால், எழுதிய நாளில் போடுங்கள். கீமோ முடிந்து 24 மணி நேரம் ஆன பிறகு என்ற வழக்கமான விதியோடு.